எல்லா வீட்டுச் சாம்பலும்

கதிரியக்கப் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் சமீபத்தில் என்னிடம் கேட்டார்: "மேடம், ஜனங்களுக்கு எப்படித்தான் புரிய வைக்கறது? எவ்ளோ சொன்னாலும் பயந்து சாகறாங்களே." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கோபத்தில் பேசினால் நாலு வார்த்தைக்கு மேல் வராது, அந்த நாலும் நல்ல வார்த்தையாக இருக்காது. அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

மீட்டரை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு தள்ளி நிற்பது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. என்னைவிட நீங்கள் நன்றாகப் படித்தவர்கள். நான் சொல்லப்போவது ஒரு ஊரில் நடந்தது.

ரஷ்யாவில் அணு உலை வெடித்த வருஷம். நான் ஆம்பூர் சாலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன். தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்த ஒரு குடும்பம் தர்மத்துக்குக் கட்டிய ஆஸ்பத்திரி அது. இப்போது ஆஸ்பத்திரியும் இல்லை, ஷாப்பும் இல்லை. பெயர் வேண்டாம். எங்கள் பிரிவுக்குத் தலைவர் ஒரு இயற்பியல்காரர். குள்ளமாக இருப்பார், மூக்கு நுனியில் கோபம். எதிரில் நிற்பது டாக்டரா, பெருக்குகிறவரா என்று பார்க்க மாட்டார், இருவருக்கும் ஒரே திட்டுதான். அவரை எல்லோரும் சார் என்றே சொன்னோம். இங்கேயும் சார் என்றே இருக்கட்டும்.

வெற்றிலை புகையிலை போட்டுக் கன்னத்தில் புற்று வந்தவர்களுக்கு அப்போது ரேடியம் ஊசி குத்தி வைப்போம். சில நாள் வைத்திருந்து எடுத்துவிட வேண்டும். அப்படி ஒரு நோயாளிக்கு எடுத்தபோது ஒன்று குறைந்தது. மெத்தையைக் கிழித்தோம், சாக்கடையைக் கிளறினோம். கடைசியில்தான் தெரிந்தது, ஊசி எப்போதோ நழுவி ரத்தம் தோய்ந்த பஞ்சோடு குப்பைக்குப் போயிருக்கிறது. ஆஸ்பத்திரிக் குப்பையைப் பின்புறத்துச் சூளையில் எரிப்பார்கள். நான் மீட்டரோடு சூளைக்குப் போனேன். அடியில் ஒட்டியிருந்த கொஞ்சம் சாம்பலுக்கே மீட்டர் படபடவென்று பொரிந்தது. சூட்டில் ஊசி வாய் பிளந்து உள்ளேயிருந்தது சிந்தியிருக்கிறது என்று அர்த்தம்.

"மீதி சாம்பல் எங்கேப்பா?" என்று சூளைக்காரரைக் கேட்டேன்.

"அது அப்பவே போய்ட்ச்சு மேடம். மாதனூர் பக்கத்துலேர்ந்து பொம்பளைங்க வந்து மூட்டையில அள்ளினு போவாங்க. கத்திரிக்குப் புழு வராம தூவறதுக்கு. ஆஸ்பத்திரி சாம்பல்ல மருந்து கலந்திருக்குது, ஜாஸ்தி கேக்கும்னு சொல்லுவாங்க. கன்னியம்மான்னு ஒரு அம்மா, அவங்கதான் எப்பவும் முன்னால வர்றது. மத்தவங்க பேரு எனக்குத் தெரியாது."

ஆஸ்பத்திரியில் எது எரிந்தாலும் அது மருந்துதான் என்று நம்பியிருக்கிறார்கள். நாங்களும் அத்தனை வருஷம் யாராவது அள்ளிப் போனால் குப்பை குறைந்தது என்று இருந்துவிட்டோம்.

அன்றைக்கே வேனில் கிளம்பினோம். முகமூடி, தலையோடு வெள்ளை உடை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஊர் வாசலில் இறங்கி, டீக்கடையில் இருந்தவர்களிடம், "கன்னியம்மா வீடு எது?" என்று கேட்டோம். ரேடியோவில் தினமும் ரஷ்யச் செய்தி கேட்டுக்கொண்டிருந்த ஜனம். ஊர் ஊராகக் காலி செய்கிறார்கள், பாலைக் கொட்டுகிறார்கள், மண்ணைச் சுரண்டுகிறார்கள் என்று கேட்டவர்கள். எதிரில் நாங்கள் அப்படி நிற்கிறோம். டீ கிளாஸைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் வராத ரோட்டில் ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். நாங்கள் அளந்து முடித்து, மறுநாள் ஆட்களோடு வருகிறோம் என்று திரும்புவதற்குள், அணுகுண்டுச் சாம்பல் கன்னியம்மா கழனியில் விழுந்திருக்கிறது என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

மறுநாள் காலையில் போனபோது கழனியைச் சுற்றிக் கூட்டம். வைக்கோல் கட்டுகள், மண்ணெண்ணெய் டின்கள். கத்திரிச் செடியோடு, ஓரத்தில் இருந்த குடிசையையும் மாட்டுக் கொட்டகையையும் சேர்த்துக் கொளுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். கன்னியம்மாவின் புருஷன் கம்பெனி பஸ்ஸில் ஷூ பாக்டரிக்குப் போனவர், செய்தி கேட்டு இன்னும் வந்து சேரவில்லை. நாற்பது வயது இருக்கும் அந்தம்மா, மாட்டின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தனியாக நின்றார்.

தீ வைத்தால் அத்தனையும் புகையில் ஏறி ஊர் மேலேயே இறங்கும்.

கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் ஊரில் பெரியவர், தோல் ஷாப்பில் மேஸ்திரி. மேஸ்திரி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கெட்ட மனிதர் இல்லை. ஊருக்கு ஒன்று என்றால் முதலில் நிற்பவர். அன்றும் அப்படித்தான் நின்றார்.

"ஒண்ணும் இல்லன்னா மூஞ்சிய மூடினு ஏன் வந்தீங்க?" என்று கேட்டார். "உங்களுக்கு மட்டும் முகமூடி, எங்களுக்கு இன்னா? நீங்க வந்து தோண்டுவீங்க, அது கெளம்பும், நீங்க வேன் ஏறிப் போய்டுவீங்க. நாங்க எங்க போறது?"

எங்களோடு ஆஸ்பத்திரி மேனேஜர் வந்திருந்தார், தோல் ஷாப் முதலாளி அனுப்பியவர். விஷயம் பேப்பரில் வரக்கூடாது என்பதுதான் அவர் கவலை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வேனிலேயே எங்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தார். "ஒண்ணுமே இல்லம்மா, ஒண்ணுமே இல்லப்பா, சும்மா சாம்பல்தான்," என்று சிரித்தபடி கழனிக்குள் இறங்கி, ஒரு கத்திரிக்காயைப் பறித்து, "பாருங்க, நானே திங்கறேன்," என்று வாய்க்குக் கொண்டுபோனார்.

சார் பாய்ந்துபோய் அவர் கையில் ஓங்கி ஒன்று போட்டார். காய் தெறித்து வரப்பில் விழுந்தது.

போச்சு, எல்லாம் போச்சு, இனி நம்மை வெட்டிப் போடுவார்கள் என்று நினைத்தேன்.

அப்போது கன்னியம்மா மாட்டை விட்டுவிட்டுக் கிணற்றுக்குப் போனார். ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து சார் முன்னால் நீட்டினார்.

"ஐயா, ரெண்டு வருசம் முன்ன ஒரு ஆபீசர் இதே மாதிரி ஒரு மெஷின் எடுத்துனு வந்தாரு. இந்தத் தண்ணியப் பாத்துட்டு ஒண்ணும் இல்ல, தாராளமா குடிக்கலாம்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. அவரு ஒரு வாய் குடிக்கல. நீங்க குடிங்க. குடிச்சிட்டு அப்பறம் சாம்பலைப் பத்திச் சொல்லுங்க."

அந்தத் தண்ணீரின் நிறம் உங்களுக்குத் தெரியாது. பாலாற்றங்கரையில் அந்தக் காலத்தில் கிணறு வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். வாயில் வைத்தால் உப்பும் தோல் நாற்றமுமாகக் குமட்டும். நான் சாரைப் பார்த்தேன். மேனேஜரும் சாரைப் பார்த்தார், அவர் பார்வை வேறு மாதிரி இருந்தது.

சார் முகமூடியை எடுக்காமல் சொம்பை வாங்கிக் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தார். "நான் குடிக்க மாட்டேன்மா. நீங்களும் குடிக்காதீங்க. தோல் ஷாப் தண்ணி எறங்கியிருக்குது. ஒண்ணும் இல்லன்னு சொன்னவன் பொய் சொல்லிட்டுப் போயிருக்கான்."

"சார்!" என்று மேனேஜர் கத்தினார்.

சார் திரும்பக்கூட இல்லை. "இப்ப சாம்பலைச் சொல்றேன், எல்லாரும் கேளுங்க. இதுல விஷம் இருக்கு. அதனாலதான் முகமூடி. இங்க எந்த எடத்துல இருக்கு, எந்த எடத்துல இல்லன்னு இப்ப எனக்குத் தெரியும். கொளுத்தினீங்கன்னா பொகையோட போய் ஒவ்வொரு வீட்டுலயும் எறங்கும். அப்பறம் எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது. மண்ணை நனைச்சுத்தான் அள்ளுவோம், பறக்காது. நாங்க அள்ளற வரைக்கும் நீங்க தூரமா காத்து வர்ற பக்கமா நில்லுங்க. அள்ளி முடிச்சதும் யாருக்கு வேணுமோ மீட்டரை அவங்க கையிலயே குடுக்கறேன், நீங்களே பாத்துக்குங்க."

மண்ணெண்ணெய் டின் வைத்திருந்த ஆள் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி கிணற்றைப் பார்த்தார். அவரும் அதே தண்ணீரைக் குடிப்பவர்தானே. "டின்னக் கீழ வெச்சுட்றா," என்றார்.

அன்று நான் கற்றது இது. ஜனங்கள் அறிவில்லாமல் பயப்படுவதில்லை. ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை என்று ஏற்கெனவே யாரோ சொல்லி ஏமாற்றியிருக்கிறார்கள், நாம் இரண்டாவதாக வந்து அதே வாக்கியத்தைச் சொல்கிறோம். மேனேஜர் அந்தக் காயைத் தின்றிருந்தால் நானும் அந்தக் கூட்டத்தில் நின்று டின்னைத் திறந்திருப்பேன்.

மண்ணை நனைத்து, செடிகளைப் பிடுங்கி, டிரம்களில் அள்ளினோம். காய்த்துத் தொங்கிய செடிகள். மத்தியானத்துக்குள் எங்களுக்குப் புதுக் கவலை வந்துவிட்டது. கழனியில் தூவிய சாம்பலில் சிந்தின தூள் இருந்தது, ஊசி இல்லை. முக்கால்வாசி விஷம் ஊசிக்குள்தான் இருக்கும். அது வேறு யார் மூட்டையிலோ போயிருக்கிறது. அவர்கள் வீட்டில் செடிக்குத் தூவாமல் பாத்திரம் தேய்க்க வைத்திருந்தால்? தினமும் அதில் கையை விட்டுக்கொண்டிருந்தால்?

கன்னியம்மாவைக் கொட்டகைக்குப் பின்னால் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். "உங்ககூட சாம்பல் எடுக்க யார் யார் வந்தாங்கம்மா?"

"தெரியாது மேடம்."

"தெரியும். சொல்லுங்க. அவங்க உசுரு சமாச்சாரம்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "நேத்துலேர்ந்து என்னை யாரும் தொடல. எங்கூட வந்தவங்கதான் இப்ப கூட்டத்துல நிக்கிறாங்க, வாயத் தொறக்காம. நான் பேரு சொன்னா அவங்களையும் இப்பிடித்தான நிக்க வெப்பீங்க? என் வாயால அது வராது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் வீட்டைக் கொளுத்த வந்த கூட்டத்தில் இருக்கும் சிலர் வீட்டிலும் அதே சாம்பல் இருக்கிறது. பயத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இருட்டினால் கிணற்றிலோ ஆற்றிலோ கொண்டுபோய்க் கொட்டிவிடுவார்கள். அப்புறம் தேடவே முடியாது.

தெருவில் மீட்டரோடு நடக்கலாம் என்று சார் கேட்டதற்கு மேஸ்திரி கையை விரித்துத் தடுத்துவிட்டார். "கழனியோட நிறுத்திக்குங்க. தெருவுல மெஷின் வரக்கூடாது. அது கத்தின வீட்டுல நாளைக்கு எவன் பொண்ணு எடுப்பான்?" அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. கன்னியம்மா கண் முன்னாலேயே நிற்கிறாரே.

சார் என்னிடம் வந்து பல்லைக் கடித்தார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அப்போது எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "சார், விறகடுப்பு எரியற எல்லா வீட்டுலயும் சாம்பல் இருக்கும். எல்லா வீட்டுச் சாம்பலையும் கேப்போம். எல்லாரும் கொண்டுவந்தா யாரு கொண்டுவந்தது எதுன்னு யாருக்குத் தெரியும்?"

சார் ஒரு நிமிஷம் என்னை முறைத்தார். அடுத்த நிமிஷம் ஒரு டிரம் மேல் ஏறி நின்றார். "எல்லா வீட்டுச் சாம்பலும் வேணும்! அடுப்புச் சாம்பல், பாத்திரம் தேய்க்கறது, செடிக்கு வெச்சது, எல்லாம். வெளிச்சம் போறதுக்குள்ள ஸ்கூல் மைதானத்துக்கு வந்தாகணும். யார் வீட்டுது, எங்கேர்ந்து வந்ததுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டோம். கேட்டா செருப்பால அடிங்க. உங்க ஊர்ல செருப்புக்கா பஞ்சம்?"

யாரோ சிரித்தார்கள். அன்று முழுக்க அந்த ஊரில் கேட்ட ஒரே சிரிப்பு அது.

பெண்கள் வரிசையாக வந்தார்கள். பானை, உடைந்த குடம், டால்டா டின், முறம். ஒவ்வொருவரும் அவரவர் இடம் பார்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். மைதானத்து வாசலில் நான் மீட்டரோடு உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரை அணைத்துவிட்டேன். முள் மட்டும் ஆடும், அதுவும் எனக்கு மட்டும் தெரியும். எது வந்தாலும் என் முகம் மாறக்கூடாது என்று சார் சொல்லியிருந்தார். "அங்க வெச்சுட்டுப் போம்மா," எல்லோருக்கும் இதே வார்த்தை.

அடுப்புச் சாம்பல், அடுப்புச் சாம்பல், ஒன்றிரண்டில் லேசாக முள் அசைந்தது. பிறகு ஒரு சின்னப் பெண் வந்தாள், இடுப்பில் டால்டா டின். முள் ஒரேயடியாகக் கடைசிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவளுக்கு ஏழு மாத வயிறு. பின்னாலேயே வந்துகொண்டிருந்த மேஸ்திரி, "மருமவளே, பாத்து வா, கல்லு இருக்குது," என்றார்.

டின்னை அந்த வயிற்றோடு அணைத்திருந்தாள். கத்த வேண்டும் போல வாய் துடித்தது. கத்தினால் கன்னியம்மாவுக்கு ஆனதுதான் இந்தப் பெண்ணுக்கும் ஆகும். அங்கே கொண்டுபோய் வை என்று சொல்லவும் மனசு வரவில்லை, இன்னும் பத்தடி அந்த வயிறு அதைச் சுமக்க வேண்டும்.

"அங்க எடம் இல்லம்மா," என்றேன். "இங்கயே எறக்கிட்டுப் போ."

இறக்கினாள். நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, அவளுக்குப் பின்னால் வந்த அத்தனை பேரையும் அங்கேயே இறக்கச் சொன்னேன். குரல் மாறாமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். எல்லோரும் போன பிறகு சார் நீள இடுக்கியால் அந்த டின்னைத் துழாவி, கறுத்துப்போன ஊசியை எடுத்து ஈயக் குடுவைக்குள் போட்டு மூடினார். மூடியபிறகு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாட்களில் ஊரில் ஒரு வீடு விடாமல் பின்கட்டில் ஒரே மாதிரி மண் எடுத்தோம், தேவையான இடத்திலும் தேவையில்லாத இடத்திலும். பெண்கள் எல்லோரையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டு, அந்த மருமகளிடம் மட்டும் தனியாக உள்ளதைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமாவுக்குத் தெரிய வேணாம்," என்று அழுதாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாயையும் பிள்ளையையும் பல வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தோம், ஒன்றும் ஆகவில்லை. சாரைத்தான் அந்த மாதமே வேலையை விட்டு அனுப்பினார்கள். செலவைக் குறைக்கிறார்களாம். கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அவர் சொன்னதற்குத்தான் என்பது சூளைக்காரருக்குக்கூடத் தெரியும்.

கன்னியம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர் உடம்புக்கும் ஒன்றும் இல்லை. கழனியும் சுத்தம்தான், மேஸ்திரியே மீட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. முதல் நாள் வெள்ளை உடை போட்டுக்கொண்டு டீக்கடையில் நாங்கள் கேட்ட ஒரே பெயர் அவருடையது. கொளுத்த வந்ததும் அவர் வீடு, டிரம்மில் அள்ளியதும் அவர் மண். மற்ற எல்லோரையும் மறைத்துக் காப்பாற்றிவிட்டோம், அவரை மறைக்க எங்களுக்கு வழி தெரியவில்லை. அவர் மாட்டுப் பாலை யாரும் வாங்கவில்லை. அவர் புருஷன் ஏறினால் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே இருந்தது.

அந்தக் குழந்தை பிறப்பதற்கு முன்பே ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவரிடம் சொன்னேன். "ஊசி இருந்தது உங்க வீட்டுல இல்ல. எந்த வீட்டுலன்னு எனக்குத் தெரியும். சொல்லிடட்டுமா?"

"எனக்கும் தெரியும் மேடம். அந்த டின்னுல நான்தான அள்ளிக் குடுத்தேன்." மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டபடியே சொன்னார். "அது மாசமா இருக்கிற பொண்ணு. வேணாம்."

கணியம்பாடிப் பக்கம் அவருடைய அண்ணன் வீட்டுக்கு அவர்கள் குடிபெயர்ந்த அன்று நான் போயிருந்தேன். வண்டி கொடுத்தது மேஸ்திரி. வாடகை வாங்க மறுத்துவிட்டார். தானே நின்று பெட்டியும் பானையும் ஏற்றி, கயிறு இழுத்துக் கட்டினார். பசுவைப் பின்னால் கட்டும்போது அதைத் தடவிக்கூடக் கொடுத்தார். அவருடைய மருமகள் வாசற்படியில் நின்றிருந்தாள். கன்னியம்மா வண்டியிலிருந்து, "வெயிட்டு தூக்காத கண்ணு, ஒடம்பப் பாத்துக்கோ," என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

வண்டி தெரு முனை திரும்பியதும் மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாவம் மேடம், நல்ல பொம்பள," என்றார். "ஆனா இன்னிக்குத்தான் ஊரு சுத்தமாச்சு."